ஒண்ணு விட்டு ஒண்ணு வெள்ளைத் தாள்

செல்லமுத்து: ...வெள்ளைன்னா வெள்ளைதான் கண்ணு, அதுல என்ன தினுசு இருக்குது. ஒரு தாள்ல எழுத்து வருது, அடுத்த தாள் மொட்டையா வருது. மறுக்கா எழுத்து, மறுக்கா மொட்டை.

கோகிலா: ஒண்ணு விட்டு ஒண்ணுங்களா?

செல்லமுத்து: ஒண்ணு விட்டு ஒண்ணு. தப்பாம வருது. உன்ற சாப்ட்வேருக்கு அந்த ஒழுக்கம் மட்டும் நல்லா இருக்குது.

கோகிலா: அப்பா, இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமில்லீங்க.

செல்லமுத்து: வெள்ளிக்கெழமை.

கோகிலா: சங்கத்துல இன்னைக்குத்தான் முடிவு பண்றாங்க. திருச்செங்கோட்டுல போர் போடற ரிக்கு வண்டி ஓனருங்க அத்தனை பேரும் உக்காந்து, உங்க மக பண்ணுன சாப்ட்வேரா, மெட்ராஸ் கம்பெனி சாப்ட்வேரான்னு பேசிட்டிருப்பாங்க. எந்நேரமும் எனக்குப் போன் வரும். நான் சேலத்துல நகத்தைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கேன், நீங்க மொட்டைத் தாளுங்கறீங்க.

செல்லமுத்து: வரட்டுமே. வேற போன் வந்தா உள்ள சத்தங் கேக்குமில்ல. கேட்டதும் வெச்சரேன்.

கோகிலா: நீங்க சங்கத்துக்குப் போகலீங்களா?

செல்லமுத்து: நானா... நான் எதுக்கு. மக சரக்கை அப்பனே போயி நல்லாருக்குன்னு சொன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா. நம்ம ஆபீஸ்லதான் இருக்கேன். தனியா.

கோகிலா: இருமுனது யாரு?

செல்லமுத்து: நாந்தான்.

கோகிலா: பேசிட்டிருக்கறப்பவேவா?

செல்லமுத்து: ரிக்காரன் தொண்டை சாமி இது. இத்தன வருசம் கல்லு மாவு தின்னுருக்குது. அது பாட்டுக்கு அது இருமும், நான் பாட்டுக்கு நான் பேசுவேன்.

கோகிலா: செரி, இருமட்டும்.

செல்லமுத்து: சங்கத்துல உன்ற சாப்ட்வேரு புடிச்சிருக்குதாமா? என்ன சொல்றாங்க?

கோகிலா: புடிக்காம என்ன. போர் போட்டு முடிச்சதும் தோட்டத்துக்காரருக்கு ரிப்போர்ட்டு கையில குடுத்தரலாம். எத்தனை அடில பாறை, எத்தனை அடில தண்ணி, பைப்பு எதுவரைக்கும் எறக்குனோம், எல்லாம் ஒரே தாள்ல. முந்தி நீங்க பீடிக்கட்டு அட்டைல எழுதிக் குடுத்தீங்களே, அதேதான்.

செல்லமுத்து: அந்த அட்டைல வெள்ளைப் பக்கமே வந்ததில்ல.

கோகிலா: தலைவர் சின்னண்ணன் மாமாகிட்டதான் மொதல்ல காட்டுனேன். ஸ்க்ரீனை ரொம்ப நேரம் உத்துப் பாத்தாரு. எல்லாம் வெளங்கிருச்சாக்கும்னு இருந்தேன். அதுல மூஞ்சி தெரிஞ்சுதாட்டம் இருக்குது, மீசையைத் தடவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

செல்லமுத்து: சின்னண்ணன் நல்ல மனுசன் கண்ணு. ரொம்ப நல்ல மனுசன். அவரு மீசையைப் பத்தி நாம எதுக்குப் பேசிக்கிட்டு.

கோகிலா: யாருப்பா சிரிக்கறது?

செல்லமுத்து: டிவி.

கோகிலா: நம்ம ஆபீஸ்ல ஏது டிவி?

செல்லமுத்து: பக்கத்து ஆபீஸ் டிவி. நீ சொல்லு... வேற என்ன கொறை சொல்றாங்க?

கோகிலா: கொறையில்ல, ஒரே ஒரு கேள்வி. வண்டி ராஜஸ்தான்ல நிக்கும், சத்தீஸ்கர்ல நிக்கும். ரிப்போர்ட்டு கோணிக்கிச்சுன்னா அந்தப் புள்ளையைத் தேடிட்டு யாரு சேலத்துக்குப் போறது? நாளைக்கே கல்யாணமாகி எங்கியாச்சும் போயிட்டான்னா? மெட்ராஸ் கம்பெனின்னா ஆள் அனுப்புவாங்களேன்னு.

செல்லமுத்து: அனுப்புவாங்க, அனுப்புவாங்க. மொதல்ல கம்ப்யூட்டர்ல டிக்கெட்டுன்னு ஒரு புகாரு போடோணுமாம். போட்டா ரெண்டு நாள்ல பதில் வருமாம். ரெண்டு நாள்ல நாம ரெண்டு போர் போட்டு அடுத்த ஊருக்குப் போயிருவோம்.

கோகிலா: இதெல்லாம் உங்களுக்கு எப்புடித் தெரியும்?

செல்லமுத்து: காத்துவாக்குல.

கோகிலா: இருந்தாலும் அவங்க கேக்கறது நியாயந்தானுங்கப்பா. அந்த ஒரு கேள்விக்கு எங்கிட்ட வாயில சொல்ற மாதிரி பதில் இல்லை. நாலு வருசமா செஞ்சது அதுலதான் தொங்குது. சங்கம் எடுத்துக்கிச்சுன்னா சேலத்துல இந்த ஆபீஸ் ரூமு எனக்கு நெலைக்கும். இல்லேன்னா அடுத்த மாசம் பெங்களூருல உக்காந்து ஊரான் ரிப்போர்ட்டுக்கு மார்ஜின் வெச்சுட்டு இருப்பேன்.

செல்லமுத்து: ...அப்புடியெல்லாம் ஆகாது.

கோகிலா: செரி, உங்க மொட்டைத் தாளுக்கு வருவோம். எத்தனை ரிப்போர்ட்டு அடிச்சீங்க?

செல்லமுத்து: நாப்பது.

கோகிலா: காத்தால காத்தால நாப்பது ரிப்போர்ட்டு எதுக்கு?

செல்லமுத்து: ஆசையா இருந்துச்சு.

கோகிலா: ...ஆசையா.

செல்லமுத்து: மனுசனுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா. நீ இங்க வராட்டிப் பரவால்ல, அங்கிருந்தே நெட்டு வழியா எடுத்துரு. போன தடவை எடுத்தியே... என்ற மவுசு பேய் புடிச்சாப்ல தானா ஓடுச்சே, அது மாதிரி.

கோகிலா: அது... இன்னைக்கு இங்க நெட்டு செரியில்லைங்கப்பா. நீங்கதான் பண்ணோணும்.

செல்லமுத்து: நானா?

கோகிலா: நீங்கதான்.

செல்லமுத்து: ஏங் கண்ணு, இன்னைக்குப் போயி நெட்டு இப்புடிப் பண்ணுது... ஒரு பத்து நிமிசம் பொறுத்துப் பாக்கலாமா?

கோகிலா: ஆயிரம் அடிக்குக் கீழ கண்ணுக்குத் தெரியாத பாறையை ஒடைக்கறீங்க. இது கண்ணு முன்னாடி இருக்கற தாளு. சொல்றதைச் செய்யுங்க. பிரிண்டு குடுக்காம சும்மா பிரிவ்யூ பாருங்க. கீழ மொத்தம் எத்தனை பக்கம்னு போட்டிருக்குது?

செல்லமுத்து: எம்பது.

கோகிலா: அப்ப பிரிண்டர் மேல தப்பில்லை.

செல்லமுத்து: அடடா. இப்பத்தான் அதை நாலு போடு போட்டேன்.

கோகிலா: தடவிக் குடுங்க. பேப்பர் சைஸ் என்ன இருக்குது?

செல்லமுத்து: ஏ-ஃபோர்.

கோகிலா: செரியாத்தான் இருக்குது. பிரிண்டு குடுத்தப்ப எதாச்சும் எச்சரிக்கை வந்துச்சுங்களா?

செல்லமுத்து: வந்துச்சு. மஞ்சள்ல ஒரு முக்கோணம்.

கோகிலா: என்ன எழுதியிருந்துச்சு?

செல்லமுத்து: கீழ ஓகேன்னு எழுதியிருந்துச்சு. ஓகே குடுத்தேன்.

கோகிலா: மேல எழுதியிருந்ததைக் கேக்கறேன். உங்களுக்காகவே அதைத் தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன்.

செல்லமுத்து: பாத்தேன் சாமி. நல்ல எழுத்து. படிக்கத்தான் இல்லை.

கோகிலா: அப்பா...

செல்லமுத்து: ரிக்கு வண்டில திரும்புன பக்கமெல்லாம் எச்சரிக்கைதான் ஒட்டியிருக்குது. அதை நின்னு படிச்சிருந்தா இன்னைக்கு வரைக்கும் மொத போரே முடிஞ்சிருக்காது.

கோகிலா: தாளோட அகலத்தை விட டிசைன் அகலமாப் போச்சு, மிச்சம் அடுத்த தாளுக்குப் போகும். அதான் எழுதியிருந்தேன். எட்டு மொழ வேட்டியை ஆறு மொழக் கயித்துல நீட்டி விரிச்சா மிச்சம் தொங்குமில்ல, அந்த மிச்சம்தான் உங்க வெள்ளைத் தாளு.

செல்லமுத்து: தொங்கறதுல ஒண்ணுமே இல்லியே.

கோகிலா: இருக்குது. கண்ணுக்குத் தெரியாம இருக்குது. டிசைனை யாராச்சும் தொட்டாங்களா?

செல்லமுத்து: யாரு தொடறது.

கோகிலா: பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

செல்லமுத்து: உங்கம்மாவுக்கும் தெரியும்.

கோகிலா: அப்ப அம்மாதான் தொட்டிருப்பாங்களா?

செல்லமுத்து: அவ எதுக்குத் தொடறா, பாவம். அவளை இதுல இழுக்காத.

கோகிலா: செரி, யாரும் தொடலை. டிசைன் வியூவுக்குப் போங்க. மேல ஒரு ஸ்கேல் தெரியுதா?

செல்லமுத்து: தெரியுது. துணிக்கடை ஸ்கேலாட்டம்.

கோகிலா: வலது பக்கம் அந்த வெள்ளைப் பரப்போட ஓரத்தை மவுசுல புடிச்சு, அப்புடியே உள்பக்கமா இழுங்க.

செல்லமுத்து: இழுக்கறேன்... வரமாட்டீங்குது.

கோகிலா: மறுக்கா இழுங்க.

செல்லமுத்து: இம்மி நகர மாட்டீங்குது. இன்னும் பலமா இழுக்கட்டுமா?

கோகிலா: மவுசுக்கு ஏதுங்கப்பா பலம். போர் போடறப்ப பாறையைத் தொளைக்கற பிட்டு உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? ராடைப் புடிச்சு இழுத்துட்டே இருப்பீங்களா?

செல்லமுத்து: அதெப்புடி. இழுத்தா ராடு அத்துக்கும், அப்பறம் போரே போச்சு. மேல இருந்து எது சரிஞ்சு விழுந்து புடிச்சிருக்குதுன்னு பாக்கோணும். அதை எடுத்துட்டா ராடு தன்னால மேல வரும். போன மாசம் எலச்சிபாளையத்துல...

கோகிலா: அதேதான் இங்கியும். ஓரத்தை எதோ ஒண்ணு புடிச்சு நிறுத்தியிருக்குது. அதைக் கண்டுபுடிங்க.

செல்லமுத்து: ஓ... அப்புடிச் சொல்லு. அது நம்ம சோலியாச்சே.

கோகிலா: கன்ட்ரோலைப் புடிச்சுட்டு ஏ எழுத்தை அமுத்துங்க.

செல்லமுத்து: அமுத்தியாச்சு. அட, அத்தனைக்கும் ஆரஞ்சுக் கட்டம் வந்திருச்சு. வண்டிப் பேரு, தோட்டத்துக்காரர் பேரு, அடிக் கணக்கு, எல்லாத்துக்கும்.

கோகிலா: கூட்டத்தோட சேராம ஒதுங்கி நிக்கறது எதாச்சும்?

செல்லமுத்து: மேல... வலது மூலைல... ஒரு சின்னக் கட்டம். தம்மாத்தூண்டு.

கோகிலா: தாளுக்கு வெளியவா?

செல்லமுத்து: வெளியதான்.

கோகிலா: அதுக்குள்ள என்ன இருக்குது?

செல்லமுத்து: ஒண்ணுமில்ல.

கோகிலா: அப்பச் செரி. டெலீட் பண்ணிருங்க.

செல்லமுத்து: இரு இரு இரு.

கோகிலா: ஒண்ணுமில்லாததை டெலீட் பண்றதுக்கு என்னங்கப்பா யோசனை?

செல்லமுத்து: ஒண்ணுமில்லாம... இல்ல.

கோகிலா: என்ன இருக்குது?

செல்லமுத்து: அதை இப்பவே சொல்லோணுமா? சாயங்காலம் ஊட்டுக்குப் போயிட்டுக் கூப்புடட்டுமா?

கோகிலா: இப்பவே.

செல்லமுத்து: ...பிள்ளையார் சுழி.

கோகிலா: வெறும் கட்டந்தான் தெரியுதுன்னீங்க.

செல்லமுத்து: வெள்ளை எழுத்துல போட்டிருக்கேன்.

கோகிலா: வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்துல பிள்ளையார் சுழி.

செல்லமுத்து: பிள்ளையாருக்குத் தெரிஞ்சாப் போதும். கஸ்டமருக்கு எதுக்குத் தெரியோணும்.

கோகிலா: இப்ப சிரிச்சது ஒரு டிவி இல்லைங்கப்பா, ஒம்பது பத்து டிவி.

செல்லமுத்து: சத்தத்தைக் கொறைங்கடான்னு சொல்றேன்... அதாவது, பக்கத்து ஆபீஸ்ல சொல்றேன்.

கோகிலா: நான்தான் அன்னைக்கே சொன்னேனே. இந்த ரிப்போர்ட்டு சர்ச்சுப் பள்ளிக்கூடத்துக்கும் போகும், பள்ளிவாசல் தோட்டத்துக்கும் போகும், சாமி கும்புடாதவங்களுக்கும் போகும். பொதுவா இருக்கட்டும்னு.

செல்லமுத்து: நீ சொன்னதை மதிச்சுத்தானே வெள்ளை எழுத்துல போட்டேன். ஒருத்தர் கண்ணையும் உறுத்தாது. ஆனா சுழி போடாம ஒரு தாளை வண்டியோட அனுப்ப எனக்குக் கை வரமாட்டீங்குது. டீசல் சீட்டுக்கே போடறவன் நான்.

கோகிலா: செரி, போட்டீங்க. மேல எடது பக்கம் அவ்வளவு எடம் கெடக்குதே, அங்க போட்டிருந்தா இந்த வம்பே இல்லியே. எல்லையைத் தாண்டி எதுக்குப் போனீங்க?

செல்லமுத்து: மேல எடம் இல்ல.

கோகிலா: நான் டிசைன் பண்ணுனப்ப இருந்துச்சே.

செல்லமுத்து: அப்ப இருந்துச்சு.

கோகிலா: இப்ப அங்க என்ன இருக்குது?

செல்லமுத்து: உன்ற பேரு.

கோகிலா: என்ற பேரு அடில, ஓரத்துல, எட்டு சைஸ்ல இருக்கும். உருவாக்கம் கோகிலவாணின்னு.

செல்லமுத்து: எறும்பாட்டம் இருந்துச்சு கண்ணு. தோட்டத்துக்காரருங்க பக்கத்துல வெச்சுக் காட்டுனாலும் ஒருத்தருக்கும் தெரியலை. ஒவ்வொருத்தருக்கா வெரல வெச்சுக் காட்ட வேண்டியிருந்துச்சு. அதான் மேல தூக்கியாந்து இருபத்திநாலு சைஸ் பண்ணுனேன். இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் வந்திருச்சு. பிள்ளையாருக்கு எடம் பத்தலை. சித்த ஓரமா நின்னுக்குங்கன்னு சொல்லிட்டேன்.

கோகிலா: ...

செல்லமுத்து: கண்ணு? நெட்டு போயிருச்சா?

கோகிலா: இருக்கேன்.

செல்லமுத்து: கோவமா?

கோகிலா: பாறை எத்தனை அடின்னு பாக்கத்தானுங்கப்பா ரிப்போர்ட்டு. என்ற பேரைப் பாக்கறதுக்கில்ல. கீழயே எறக்கிருங்க.

செல்லமுத்து: அது மட்டும் முடியாது.

கோகிலா: பாதியாவது கொறைங்க. பன்னெண்டு.

செல்லமுத்து: இருபது.

கோகிலா: பதினாலு. அதுவே தோட்டத்துக்காரர் பேரை விடப் பெருசு.

செல்லமுத்து: பதினெட்டு. அதுக்குக் கீழ கட்டுபடியாகாது.

கோகிலா: மாட்டுச் சந்தையா இது? பதினாறு, இதுக்கு மேல பேச்சில்ல.

செல்லமுத்து: ...பதினாறு. செரி, உன்ற தொணதொணப்புக்காக.

கோகிலா: அதைச் சின்னது பண்ணுங்க. ஆச்சா? இப்பப் பக்கத்துல எடம் வந்திருக்கும். அந்தச் சின்னக் கட்டத்தைப் புடிச்சு உள்ள கொண்டாந்து வெய்யுங்க.

செல்லமுத்து: வாரார்... வாரார்... வந்துட்டார். வெள்ளையாவே இருக்கட்டுமா?

கோகிலா: இருக்கட்டும். எல்லைக்குள்ள இருந்தாப் போதும். இப்ப ஓரத்தைப் புடிச்சு இழுங்க.

செல்லமுத்து: இழுக்கறேன்... வருது கண்ணு. ராடு மாதிரி தன்னால வருது. எங்க நிறுத்தோணும்?

கோகிலா: நீங்களே சொல்லுங்க. தாளுக்கு அகலம் எட்டேகால் இஞ்சி. ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்சி மார்ஜின்.

செல்லமுத்து: எட்டேகால்ல ஒண்ணு போனா... ஏழேகால். ஏழேகால்ல நிறுத்தோணும். இல்ல, ஏழுலயே நிறுத்தறேன். பைப்பு எறக்கறப்ப கொஞ்சம் சந்து விட்டாத்தான் நல்லது.

கோகிலா: நானும் ஏழுலதான் வெச்சிருந்தேன். சேவ் பண்ணிட்டு பிரிவ்யூ பாருங்க.

செல்லமுத்து: ...நாப்பது. நாப்பது பக்கம் கண்ணு. முக்கோணத்தையும் காணோம். இரு, பிரிண்டும் குடுக்கறேன்... ஒண்ணு... எழுத்து. ரெண்டு... எழுத்து. மூணு... பாருங்கய்யா, மூணுலயும் எழுத்து.

கோகிலா: பாருங்கய்யாவா? கை தட்டறதும் கேக்குது. யாரு?

செல்லமுத்து: பிரிண்டரு.

சின்னண்ணன்: ஏய், போனை இப்புடிக் குடு செல்லமுத்து. அம்மிணி, நான் சங்கத்துல சின்னண்ணன் பேசறேன்.

கோகிலா: வணக்கமுங்க மாமா.

சின்னண்ணன்: உங்கப்பன் சொன்னது அத்தனையும் பொய்யி. இவன் ஆபீஸ்லயும் இல்ல, தனியாவும் இல்ல. சங்கக் கட்டடத்துல எங்க நடுவுல போனை ஸ்பீக்கர்ல போட்டு வெச்சிருக்கறான். மகளோட சரக்கைக் காட்டறேன்னு காத்தால வந்து நாப்பது ரிப்போர்ட்டு அடிச்சான், எம்பது தாளு வந்து விழுந்துச்சு. மெட்ராஸ்கார தம்பி வேற சிரிச்சுட்டாரு. அந்த ரோசத்துல உனக்குப் போன் போட்டுட்டான்.

செல்லமுத்து: கடேசில நானே சொல்லலாம்னுதானுங்க தலைவரே...

சின்னண்ணன்: நீ சும்மா இரு. பிள்ளையாரையே ஓரமா நிக்கச் சொன்னவன் நீ. அம்மிணி, என்ற மீசை விசயமும் கேட்டுச்சு.

கோகிலா: அது வந்துங்க மாமா...

சின்னண்ணன்: கெடக்கட்டும், நல்ல மீசைதான். நீ கெட்டிக்காரிங்கறது இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அதுல பேச்சில்ல. ஆனா எங்க கேள்வி அப்புடியேதான் நிக்குது. இன்னைக்கு நீ போனை எடுத்தே. வண்டி எங்கியோ காட்டுல நிக்கறப்ப நீ எடுக்கலேன்னா எங்க ரிப்போர்ட்டை யாரு செரி பண்றது?

கோகிலா: மொத இருமல்லயே நீங்க இருக்கறது எனக்குத் தெரியுமுங்க மாமா. எங்கப்பா பிரிண்டு குடுத்ததுமே, எல்லையைத் தாண்டி ஒரு கட்டம் நிக்குதுன்னு சாப்ட்வேருல இருந்து இங்க எனக்குத் தகவலும் வந்திருச்சு. என்ற பேரை இத்தனை பெருசு பண்ணி வெச்சிருக்கறது மட்டுந்தான் தெரியாம இருந்துச்சு. நெட்டும் இங்க நல்லாத்தான் இருக்குது, நெனைச்சிருந்தா நானே ரெண்டு நிமிசத்துல எடுத்திருப்பேன். எடுத்திருந்தா நீங்க பொண்ணு கெட்டிக்காரின்னு பாராட்டிட்டு, மெட்ராஸ்காரங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீங்க. ஆறாங்கிளாசோட படிப்பை விட்டு ரிக்குல ஏறுன எங்கப்பா உங்க எல்லாரு கண்ணு முன்னாடியும் தன் கையால எடுத்துக் காட்டோணும்னுதான் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டிருந்தேன். இப்ப நீங்களே சொல்லுங்க மாமா, செரி பண்ணுனது யாரு?